கோத்தகிரியில் நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு எட்டு நாள்

முதல் நாள், புதன்

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸை விட்டு இறங்கியபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கொழும்பில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, அங்கிருந்து இரவு ரயில். எங்கள் திருச்சபையிலிருந்து போதகர் ஐயாவையும் சேர்த்து ஒன்பது பேர் வந்திருக்கிறோம். அதில் ஆறு பேர் இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான், தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் எட்டு நாள் தங்கி, என்ன வேலை கொடுக்கிறார்களோ அதைச் செய்வது என்று ஏற்பாடு.

பக்கத்து நடைமேடையில் ஊட்டி மலை ரயில் நீல நிறத்தில் நின்றது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டை வருமாம், அதைப் பிடித்துக்கொண்டுதான் என்ஜின் குன்னூர் வரை ஏறுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. ஆனால் கோத்தகிரிக்கு ரயில் இல்லை, வேன்தான். வெளியிலிருந்து வரும் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இப்போது இ-பாஸ் வேண்டும், டிரைவர் அண்ணா அதை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பாஸைப் பார்த்தார்கள், அப்புறம் பைகளைப் பார்த்தார்கள். ஸ்டேஷனில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன, இந்த மாவட்டத்தில் அதற்குத் தடை.

மலை ஏற ஏற எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதே சரிவு, அதே பச்சை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். ஆனால் கொழுந்து எடுக்கிற விதம் வேறு. எங்கள் பக்கம் தலையில் கயிறு மாட்டிய கூடை, இரண்டு கையும் செடி மேல் ஓடும். இங்கே நிறையப் பேர் கையில் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள், முதுகில் சாக்கு. வேனில் இருந்த பெரியம்மா ஒருவர், நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு "இப்படி வெட்டினா செடி தாங்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு இந்த மலைக்கு வர இன்னொரு காரணமும் இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த எங்கள் மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மீதிப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். என் பாட்டி இலங்கைப் பங்கில் வந்தார், அவருடைய தங்கை இந்தியப் பங்கில் போனார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் போனதாக ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இல்லத்துக்குப் போனபோது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சாயங்காலம் நாலரைக்கு நாற்பத்திரண்டு பேரும் ஒரே கூட்டமாக வந்தார்கள். யாரும் எங்களைப் பார்த்துக் கூச்சப்படவில்லை. நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீலக் குல்லா போட்ட ஒரு பெண், ஏழாம் வகுப்பு இருக்கும், என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நீங்க எப்ப போவீங்க?"

இரண்டாம் நாள், வியாழன்

காலை ஐந்தரைக்கே பாய்லர் மூட்டிவிடுகிறார்கள். வெளியே ஓட்டுக் கொட்டகைக்குக் கீழே, விறகு போட்டு எரிக்கிற பெரிய செம்புப் பாய்லர். பிள்ளைகள் குல்லாவும் ஸ்வெட்டருமாக, ஆளுக்கு ஒரு வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு வாளி வெந்நீர், அதில் குழாய்த் தண்ணீர் கலந்து குளிக்க வேண்டும். சின்னவர்களுக்குப் பெரியவர்கள் தூக்கிக் கொடுக்கிறார்கள். புகையும் ஆவியும் பனியும் சேர்ந்து யார் முகமும் தெரியாது, குல்லா நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளைகள் போன பிறகு இல்லப் பொறுப்பாளர் அம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். கண்டிப்பான பேச்சு, ஆனால் ஒரு வார்த்தையும் தப்பில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் யாரும் குழந்தைகள் இல்லம் நடத்தக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டுத்தான் ஒவ்வொரு பிள்ளையும் இங்கே வருகிறது. அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி இங்கே இருக்கிற பிள்ளையின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. அதனால் இந்தக் குறிப்புகளில் யாருடைய பெயரும் இருக்காது, போட்டோவும் இருக்காது. எங்களில் ஒரு தம்பி நேற்றே ஒரு படத்தைப் போட்டிருந்தான், அப்போதே எடுத்துவிட்டான். ஆண்கள் இரவில் இந்த வளாகத்திலேயே தங்கக் கூடாது, அவர்களுக்கு டவுனில் அறை. யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. மதம் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக் கூடாது, எங்கள் விசாவிலும் சம்பளமில்லாத குறுகிய காலத் தொண்டுக்குத்தான் இடமுண்டு, பிரசங்கத்துக்கு இல்லை. போதகர் ஐயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நாங்க செய்ய வந்தது வேலைதாம்மா, பிரசங்கம் எங்க கையில இருக்கும்" என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் பொறுப்பாளர் அம்மா சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. இந்த மாதிரி இல்லங்களில் வந்து சில நாள் தங்கிப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போகிற பழக்கம் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்களாம். 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலேயே அது வந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட ஆள் போவது, இன்னொரு ஆள் வருவது, அவரும் போவது. "அதனால உங்களைப் பிள்ளைங்களோட அதிகம் விடமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. சுவர், கூரை, சமையல்கட்டு, இதுல உதவி பண்ணுங்க." எனக்கு முதலில் வலித்தது. பிள்ளைகளுக்காகத்தானே கடல் தாண்டி வந்தோம்.

சாயங்காலம் அந்த வலி வேறு மாதிரி ஆகிவிட்டது. படுக்கை அறையில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நீலக் குல்லா என்னைக் கூப்பிட்டுத் தன் பெட்டியைத் திறந்து காட்டினாள், வார்டன் அக்காவும் பக்கத்தில் இருந்தார். மடித்த இரண்டு சுடிதார், ஒரு சீப்பு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, கணக்கு நோட்டு. மூடியின் உள்பக்கம் முழுக்கப் போட்டோக்கள், சோறு வைத்து ஒட்டியது போல ஓரம் தடித்திருந்தன. எல்லாம் இங்கே வந்து போனவர்கள். வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள், கோயம்புத்தூர் காலேஜ் பிள்ளைகளும் இருந்தார்கள். விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொன்னாள். இந்த அக்கா பொட்டு வைக்கக் கற்றுக்கொண்டாள். இந்த அண்ணா கிரிஸ்மஸுக்கு வருவதாகச் சொன்னார். இந்த ஆன்ட்டி கடிதம் போடுவதாகச் சொன்னார். எட்டுப் பேர். குறை சொல்கிற குரலே இல்லை, பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். மூடியின் இடது மூலையில் மட்டும் ஒரு போட்டோ அளவுக்குத் தகரம் வெறுமையாக இருந்தது.

"உங்க போட்டோ இருக்கா அக்கா?"

இல்லை என்றேன். என் பர்ஸில் இரண்டு இருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி

வேலை, வேலை, வேலை. படுக்கை அறையின் வடக்குச் சுவர் முழுக்க ஈரம் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, கூரைத் தகரக் கால்வாய் உடைந்து தண்ணீர் நேராகச் சுவரில் இறங்கியிருக்கிறது. முதலில் கால்வாயைச் சரி செய்தால்தான் சுவர், இல்லாவிட்டால் எத்தனை பெயிண்ட் அடித்தும் பிரயோஜனமில்லை என்று மேஸ்திரி சொன்னார். எங்களில் இரண்டு தம்பிமார் கூரையில், மீதிப் பேர் கையில் இரும்பு பிரஷ். நாள் முழுக்கச் சுரண்டினோம், மூக்கில் வாயில் எல்லாம் சுண்ணாம்பு. மேலும் எழுத இன்று கை ஒத்துழைக்கவில்லை.

நான்காம் நாள், சனி

ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே போகக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்று இன்று தெரிந்தது. இருட்டுகிற நேரத்தில் கீழே தேயிலைக்குள் ஆறு காட்டெருமை, அமைதியாக, ஏதோ சொந்தத் தோட்டம் போல மேய்ந்துகொண்டிருந்தன. கரடியும் வருமாம், சமையல்கட்டு எண்ணெய் வாசனைக்கு. பிள்ளைகள் அதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பகலில் சமையல்கட்டில் நான். சமையல் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும், பதினேழு வருடமாக இங்கேயே. நாற்பத்திரண்டு பேரில் யாருக்குக் கத்திரிக்காய் ஆகாது, யாருக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் சோறு மட்டும் இறங்கும், யார் அழுதால் சாப்பிடாமல் படுப்பாள், எல்லாம் அவருக்குத் தெரியும். மேரக்காய்க் (சௌசௌ) கூட்டும் சோறும் செய்தோம். மேரக்காய் தோலைச் சீவும்போது கையில் பிசின் ஒட்டும், அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டு சீவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். படித்துவிட்டு வேலைக்குப் போன பெண்கள் லீவு கிடைத்தால் முதலில் வருவது இந்தச் சமையல்கட்டுக்குத்தானாம். ஒருத்தி தன் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து இந்த மணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாளாம்.

பொறுப்பாளர் அம்மா வியாழக்கிழமை சொன்னது எனக்கு இன்றுதான் முழுசாக விளங்கியது. பிள்ளைக்கு வேண்டியது இந்த அக்கா, பதினேழு வருடம் அதே அடுப்படியில் நிற்கிற ஆள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் நாங்கள் மட்டும் டவுனில் ஆராதனைக்குப் போய் வந்தோம். பத்து மணியிலிருந்து பெற்றோர் வருகிற நேரம்.

ஆமாம், பெற்றோர். எனக்கு இது தெரியாது, ஊரில் நாங்கள் காசு சேர்த்தபோது "அநாதைப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லித்தான் சேர்த்தோம். இங்கே நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இன்று வந்தவர்கள் பன்னிரண்டு பேர். மற்றவர்களுக்குப் பஸ் காசு இல்லை, அல்லது ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அல்லது வேறு கதை. வராதவர்களின் பிள்ளைகள் சாலை தெரிகிற சுவரில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் அம்மாவின் அனுமதியோடு நான் அந்தச் சுவரில் போய் அவர்களோடு உட்கார்ந்தேன், ஒன்றும் பேசவில்லை, பஸ் எண்ணினோம்.

நீலக் குல்லாவின் அம்மா பதினொன்றரைக்கு வந்தார். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, புதுசாக ஒரு ரிப்பன். மகள் ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. மெல்ல நடந்து போய், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு மணி நேரம் அதை விடவே இல்லை, சாப்பிடும்போதும் இடது கையில் தலைப்பு.

பேச்சுக் கொடுத்தபோது என் தமிழைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோனா?" என்றார். ஹட்டன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க பாட்டி பண்டாரவளை. லயத்துல பொறந்தேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இந்த ஊர்க்காரர்கள் லைன் வீடு என்கிறார்கள், அவர் வாயில் எங்கள் ஊர் மாதிரி லயம் என்றே வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது, அதில் பாட்டியும் அம்மாவும் வேலை செய்தார்களாம். இவர் தனியார் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சேரம்பாடியில் என் பாட்டியின் தங்கை பெயரைச் சொல்லிக் கேட்டேன். தெரியவில்லை, விசாரித்துப் பார்க்கிறேன் என்றார்.

கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை மூன்று கிலோமீட்டர் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும், அந்த வழியில் யானை வரும். இவர் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்விட்டால் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. ஒரு நாள் யானை நின்றதால் பிள்ளை தேயிலைக்குள் மூன்று மணி நேரம் குனிந்து கிடந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இங்கே. "நான் வளக்க மாட்டாம விடலை அக்கா" என்று என்னைவிட மூத்த அந்தப் பெண் என்னை அக்கா என்று கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு கடதாசி எங்கள் பாட்டியையும் தங்கையையும் பிரித்தது. இங்கே மூன்று கிலோமீட்டர் வழியும் ஒரு நாள் கூலியும் ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைத்திருக்கிறது.

ஆறாம் நாள், திங்கள்

ஹெத்தையம்மன் பண்டிகை, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. படுகர் மக்களின் மூதாய்த் தெய்வம் ஹெத்தை. அவள் கோயில் இருக்கிற பேரகணிக்குப் போகிறவர்கள் வெள்ளை முண்டும் வெள்ளைத் தலைக்கட்டுமாகச் சாலையில் வரிசையாக நடந்து போனார்கள், பச்சை மலையில் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி. பிள்ளைகள் சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள். அதில் இரண்டு படுகப் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் மட்டும் கும்பிட்டார்கள்.

லீவு என்பதால் சமையல் அக்காவுக்குப் பாதி நாள் ஓய்வு கொடுத்து, எங்கள் ஊர்த் தேங்காய் ரொட்டி செய்தோம். தேங்காய் துருவிக் கோதுமை மாவில் போட்டு, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு, தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய வேண்டும், தேங்காய்ப் பால் மாவில் இறங்கினால்தான் ரொட்டி மெத்தென்று வரும். தட்டும்போது விரல் தடம் பதிய வேண்டும், பதியாமல் வழவழவென்று இருந்தால் மாவு இறுகிவிட்டது என்று அர்த்தம். தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல், அதற்கு மாசிக் கருவாடு கிடைக்கவில்லை, மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து இடித்தோம். நூற்றிருபது ரொட்டி. ஓய்வெடுக்கப் போன சமையல் அக்கா பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, அளவை எல்லாம் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் மாட்டிக்கொண்டார்.

ஏழாம் நாள், செவ்வாய்

வடக்குச் சுவருக்கு இரண்டாம் பூச்சு முடிந்தது. இன்றைக்குப் பணம் பற்றிப் பேசினோம். ஊரில் சேர்த்த காசு ஒரு உறையில் இருந்தது, அதைக் கையில் கொடுக்கப் போனோம், கணக்குப் பார்க்கிற அண்ணா வாங்க மறுத்துவிட்டார். வெளிநாட்டுக் காசை வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்கலாம், அதுவும் டில்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் இருக்கிற கணக்கு வழியாகத்தான். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறது, ஊர் போய் முறையாக அனுப்புங்கள் என்றார். கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அப்புறம் பொறுப்பாளர் அம்மா ஒரு விஷயம் சொன்னார். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பிள்ளையை இல்லத்தில் விடாமல் வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கணவரை இழந்த தாய்மார் கேட்கலாம், கிராமத்தில் என்றால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நீலக் குல்லாவின் அம்மாவுக்கு மனு போட்டிருக்கிறார்கள். பணம் வந்தால் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் போகிற ஜீப்பில் மாத வாடகைக்குப் பிள்ளையை ஏற்றிவிடலாம். ஆனால் வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும், ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு சமூகப் பணியாளர்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓடுகிறார். இந்த வருடம் ஐந்து பிள்ளைகள் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

இரவு டவுன் அறைக்குப் போவதற்கு முன் ஒன்பது பேரும் உட்கார்ந்து பேசினோம். அடுத்த வருடமும் குழுவாக வரலாம் என்றுதான் கிளம்பும்போது நினைத்தோம். ஒன்பது பேர் விமான டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் வேனுக்கும் ஆன காசில் இன்னொரு சமூகப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று பெரியம்மாதான் கணக்குப் போட்டுச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கும் திரும்ப வர வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். போதகர் ஐயா ஜெபித்தார். அப்புறம் கை தூக்கினோம், ஒன்பது கையும்.

எட்டாம் நாள், புதன்

ஐந்தரைக்கு வேன் வந்துவிட்டது. பாய்லர் புகைந்துகொண்டிருந்தது, வரிசை நின்றது. விடைபெறுவதை நீட்டக் கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தார்கள், பாட்டு, பரிசு, மாலை எதுவும் இல்லை. போய்வருகிறோம் என்று பொதுவாகச் சொன்னோம். சமையல் அக்கா ஒரு டப்பாவில் தேங்காய் ரொட்டி கொடுத்தார், விரல் தடம் நன்றாகப் பதிந்திருந்தது.

நீலக் குல்லா வாளியோடு வந்து நின்றாள்.

"அக்கா, திரும்ப வருவீங்களா?"

"வரமாட்டேன்னு நினைக்கிறேன்மா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அப்புறம், "எங்கம்மா பொங்கலுக்கு வராங்க" என்றாள்.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்துவிட்டது என்று பின்னால் நின்ற சின்னவள் கூப்பிட்டாள், ஓடிப் போய் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.